வெள்ளி நானோ நீர் கேன்சரைக் கொல்லுமா? ஒரு கேள்வியும் என் தொடர் குறிப்புகளும்

3 மார்ச் 2024, இரவு 10.40: "காவிரிக்கரை" கேட்டது

அத்தைக்கு மார்புல கட்டி. ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஆரம்பிக்கப் போறாங்க. இதுக்கு நடுவுல சித்தப்பா ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கார். நம்ம ஊர்க் கல்லூரி ஒண்ணுல மூலிகையை வெச்சு வெள்ளி நானோ துகள் செஞ்சு, மார்பகப் புற்றுநோய் செல்லை 24 மணி நேரத்துல கொன்னுட்டாங்களாம். அதே முறையில செஞ்ச "நானோ வெள்ளி நீர்" 1,800 ரூபாய்க்கு வீட்டுக்கே வருமாம். கீமோவுக்குப் பதிலா இதைக் குடிச்சுப் பாக்கட்டுமான்னு அத்தையே கேக்குறாங்க. அந்த ஆராய்ச்சி நிஜமா, டூப்பா? லேப்ல வேலை பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

3 மார்ச், இரவு 11.25

பாட்டில் வாங்காதீங்க. கீமோவைத் தள்ளிப்போடாதீங்க. விளக்கம் காலையில எழுதுறேன்.

4 மார்ச், காலை 6.50

ஆராய்ச்சி நிஜம்தான். சிக்கலே அதுதான். டூப்பா இருந்தா நேத்தே ஒரு வரியில முடிச்சிருப்பேன்.

2012ல எம்.ஃபில் பண்ணினப்போ நானும் இதே வேலைதான் செஞ்சேன். சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். இலையைக் கழுவி, நிழல்ல உலர்த்தி, கொதிக்கவெச்சு வடிகட்டணும். அந்தச் சாறைச் சில்வர் நைட்ரேட் கரைசல்ல ஊத்தினா, வெளிர் மஞ்சளா இருந்தது கொஞ்சம் கொஞ்சமா டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். இலையில இருக்குற பாலிஃபீனால் மாதிரி சமாச்சாரமெல்லாம் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் குடுத்து உலோக வெள்ளியா மாத்திடுது. நிறம் வந்தாச்சுன்னா துகள் வந்தாச்சு. ஸ்பெக்ட்ரோமீட்டர்ல 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு தெரியும், அதைப் படம் எடுத்து ஆய்வேட்டுல ஒட்டணும். வேம்பு, துளசி, வல்லாரை, கீழாநெல்லி, முருங்கை, எதைப் போட்டாலும் நடக்கும். எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி காபித்தூள்ல பண்ணிப் பாத்தா, அதுவும் வந்துச்சு. யாராவது மூலிகையோட சக்தின்னு ஆரம்பிச்சா காபிக்கும் அது உண்டுன்னு சொல்லிடுங்க.

சில்வர் நைட்ரேட் பட்டா விரல் கறுத்துடும், ஒரு வாரம் போகாது. அந்த நேரத்துலதான் அக்கா கல்யாணம் வந்துச்சு. மருதாணி ஏன் நுனியில மட்டும் வெச்சேன்னு பெரியம்மா கேட்டாங்க.

அடுத்த கட்டம் செல். 96 குழி இருக்குற பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியோட அடியிலயும் புற்றுநோய் செல் ஒரே அடுக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். மேல நம்ம துகளை ஊத்திட்டு மறுநாள் வந்து எத்தனை உயிரோட இருக்குன்னு பாக்கணும். செத்திருக்கும். கண்டிப்பா செத்திருக்கும். உப்பை அள்ளிப் போட்டாலும் சாகும், வினிகரை ஊத்தினாலும் சாகும். தட்டுக்குள்ள ஈரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, எதிர்த்துக் கேக்க ஒருத்தரும் இல்லை. ஊத்தினது பூரா செல் தலைமேலயே விழுது.

சித்தப்பாவுக்கு வந்த செய்தி இந்தத் தட்டுல நடந்ததைப் பத்தினது. தட்டுலேர்ந்து அத்தைக்கு எவ்வளவு தூரம்ங்கறதுதான் கேள்வி.

4 மார்ச், மதியம் 1.15

சாப்பாட்டு இடைவேளையில ஒரு சின்னக் கணக்கு. தட்டுல பாதி செல்லைக் கொல்ல மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வேணும்னு வெச்சுக்குங்க. ஒரு ஆளுக்கு 5 லிட்டர் ரத்தம். ரத்தத்துல மட்டும் அந்த அளவு வரணும்னாலே 100 மில்லிகிராம் வெள்ளி ஊசியில ஏத்தணும். குடிச்சா அதுவும் கிடையாது. வயித்துல இருக்குற குளோரைடோட சேந்து வெள்ளி அயனி சில்வர் குளோரைடா படிஞ்சிடும். மிஞ்சி உள்ள போறது மாசக்கணக்குல சேந்தா தோல் நிரந்தரமா நீலச் சாம்பல் நிறமாயிடும். அதுக்கு ஆர்ஜிரியான்னு பேரு, சோப்புப் போட்டுத் தேச்சாலும் போகாது. கடையில விக்குற வெள்ளிக் கூழ்ம மருந்து (தண்ணியில நுண்ணிய வெள்ளித் துகள் மிதக்குறது) எதுவுமே பாதுகாப்பானதுன்னும் பலன் தரும்னும் ஏத்துக்க முடியாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 1999லயே விதி போட்டாச்சு.

வெள்ளியே ஆகாதுன்னு சொல்லலை. தீக்காயத்துக்குப் போடுற வெள்ளைக் களிம்புல இருக்குறதும் வெள்ளிதான். அது தோலுக்கு மேல.

5 மார்ச், இரவு 9.30

"அப்போ ஊசியில போட்டா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி. உலகத்துல பெரிய பெரிய லேப் எல்லாம் முட்டிக்கிட்டு நிக்குற இடம் அது.

கட்டியோட ரத்தக்குழாய் அவசரத்துல கட்டின வீடு மாதிரி, எங்க பாத்தாலும் ஓட்டை. நானோ துகள் அந்த ஓட்டை வழியா கட்டிக்குள்ள கசிஞ்சு அங்கேயே தங்கிடும்னு 1986ல ஜப்பான்ல மட்சுமுராவும் மயேடாவும் எழுதினாங்க. அதுக்கப்புறம் வந்த முக்கால்வாசி ஆய்வுக்கு அதுதான் அஸ்திவாரம். நானும் ஆய்வேட்டு முன்னுரையில அதை அப்படியே எடுத்துப் போட்டேன்.

2016ல டொராண்டோ பல்கலைக்கழகத்துல வாரன் சான் குழு, அதுக்கு முந்தின பத்து வருஷத்துல வந்த எலி ஆய்வுகளை மொத்தமா திரட்டிக் கணக்குப் பாத்தது. நரம்பு வழியா போட்டதுல கட்டிக்குப் போய்ச் சேந்தது, நடு மதிப்பா பாத்தா, 0.7 சதவீதம். ஆயிரம் போட்டா ஏழு புற்றுநோய் செல்லுக்குள்ள போகுது. மிச்சத்தை ஈரலும் மண்ணீரலும் அள்ளிக்குது. ஈரல்ல குப்ஃபர் செல்லுன்னு ஒரு வகை உண்டு. ரத்தத்துல வர்ற தூசி தும்பையெல்லாம் முழுங்குறதுதான் அதோட வேலை, அதுக்கு நம்ம துகளும் தூசிதான். துகள் 6 நானோமீட்டருக்குக் (மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) கீழ இருந்தா சிறுநீரகம் வடிகட்டி வெளிய அனுப்பிடும். பெருசா இருந்தா ஈரல், சின்னதா இருந்தா மூத்திரம்.

தங்கத் துகள் ஈரல்ல போய் உக்காந்தா லேசுல கிளம்பாது. நகையா இருந்தாலாவது அடகு வைக்கலாம்.

6 மார்ச், காலை 7.05

திருத்தம். நேத்து "ஏழு புற்றுநோய் செல்லுக்குள்ள போகுது"ன்னு எழுதினது தப்பு. அந்த 0.7 கட்டிக்குள்ள போறது. கட்டிங்கறது வெறும் புற்றுநோய் செல் மட்டுமில்லை, நார், ரத்தக்குழாய், கண்டதை முழுங்குற மேக்ரோஃபேஜ் செல்லுன்னு ஒரு ஊரே இருக்கு. அதே குழு 2018ல இதைத் தனியாப் பிரிச்சுப் பாத்துச்சு. புற்றுநோய் செல்லைத் தேடிப் புடிக்குற மூலக்கூறை மேல ஒட்டி அனுப்பின தங்கத் துகளே பத்து லட்சத்துக்கு 14தான் அந்தச் செல்லைத் தொட்டுச்சு. வழியில பெரும்பாலானதை மேக்ரோஃபேஜ் வாங்கிக்குது.

தபால்ல விலாசம் தெளிவா எழுதியாச்சு, தபால்காரர்தான் பிரிச்சுச் சாப்பிட்டுடறார்.

6 மார்ச், இரவு 10.10

"அப்போ உலோக நானோ துகள் ஒண்ணுகூட நோயாளிக்கு வரலையா?"ன்னு கேட்டிருக்கீங்க. என் நினைவுக்கு எட்டின வரைக்கும் ஒண்ணும் அங்கீகாரம் வாங்கலை.

7 மார்ச், காலை 6.30

தூக்கம் வராம யோசிச்சேன், மேல எழுதினதும் தப்பு. ரெண்டு இருக்கு. இரும்பு ஒண்ணு, ஹாஃப்னியம் ஒண்ணு. ரெண்டுமே ஐரோப்பாவுல மருந்தா இல்லாம மருத்துவக் கருவியா பதிவானதால என் மண்டையில வேற அலமாரியில இருந்திருக்கு. ஒரு திரவத்தை ஊசியில ஏத்துறாங்க, அதுக்குப் பேரு கருவி! ஆனா காரணம் இருக்கு. அந்தத் துகள் வேதியியலா எதுவும் பண்றதில்லை. சும்மா உக்காந்திருக்கும். வெளியிலேர்ந்து ஒரு சக்தி வந்தாத்தான் வேலை. தோசைக்கல் யாரையும் சுடாது, அடுப்பைப் பத்தவைக்கிற வரைக்கும்.

இதை எழுதும்போதுதான் எனக்கே ஒண்ணு உறைச்சுது. நாங்க பண்ணின எல்லாமே "என் துகள் எவ்வளவு விஷம் பாரு"ங்கற போட்டி. நோயாளி வரைக்கும் தூரம் போனவங்க பண்ணினது நேரெதிர். துகள் விஷமா இருக்கவே கூடாதுன்னு ஆரம்பிச்சிருக்காங்க. வெள்ளி அந்த வரிசையில இல்லாததுக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன். அது சும்மா உக்காராது, அயனியா கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

9 மார்ச், மாலை 5.00

சனிக்கிழமை, நேரம் இருக்கு. இரும்புக் கதை.

பெர்லின்ல ஆண்ட்ரியாஸ் ஜோர்டான்னு ஒருத்தர் வருஷக்கணக்கா உழைச்சது. இரும்பு ஆக்ஸைடுத் துகள், சுமார் 12 நானோமீட்டர், மேல ஒரு பூச்சு. மூளைக்கட்டியில நேரடியா ஊசி போடணும். அப்புறம் தலையைச் சுத்தி மாறுகாந்தப் புலம், நொடிக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறும். துகள் ஒவ்வொண்ணும் கூடவே புரண்டு புரண்டு சூடாகும், கட்டியும் சூடாகும்.

கிளியோபிளாஸ்டோமாங்கற மூளைக்கட்டி திரும்பி வந்த 59 பேருக்கு இதையும் குறைஞ்ச அளவு கதிர்வீச்சையும் சேத்துக் குடுத்தாங்க. நோய் திரும்பினது தெரிஞ்ச நாள்லேர்ந்து பாதிப் பேர் 13.4 மாசத்தைத் தாண்டினாங்க. முடிவு வெளியானது 2011ல. அந்த நோய்க்கு அது மோசமில்லை. ஆனா ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு வெச்சுச் சீட்டுக் குலுக்கலை, அதனால எத்தனை மாசம் இரும்பால வந்துச்சுன்னு அந்த ஆய்வை வெச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. அங்கீகாரம் 2010லயே வந்தாச்சு.

நடைமுறைத் தொல்லையைக் கேளுங்க. பல்லுல அடைச்ச உலோகத்தையெல்லாம் முதல்ல எடுத்துடணும், இல்லேன்னா அதுவும் சூடாகும். அப்புறம் தலைக்குள்ள அவ்வளவு இரும்பு இருந்தா எம்.ஆர்.ஐ.ல அந்த இடம் கறுப்பா மறைஞ்சிடும். மூளைக்கட்டிக்காரருக்குக் கட்டி வளருதான்னு பாக்க வேண்டியதே எம்.ஆர்.ஐ.லதான். வைத்தியம் பண்ணின இடமே கண்ணுக்குத் தெரியாமப் போகுது.

இதைச் செஞ்ச மேக்ஃபோர்ஸ் நிறுவனம் 2022ல திவால் மனு போட்டுச்சு. அறிவியல் சரியா இருந்தா போதும்னு நினைக்கிற வயசு எனக்குப் போயிடுச்சு.

9 மார்ச், மாலை 6.20

"இண்டக்‌ஷன் அடுப்புதானே இது?"ன்னு கேட்டவருக்கு: அண்ணன் தம்பி, ஆனா ஒரே ஆள் இல்லை. பாத்திரத்தோட அடிப்பக்கம் அகலமா இருக்கறதால அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் ஓடித்தான் பெரும்பாலான சூடு வருது. 12 நானோமீட்டர்ல ஓட இடம் ஏது? அங்க சூடு வர்றது காந்தம் திசை திரும்புற இழுபறியில.

10 மார்ச், காலை 11.00

ஹாஃப்னியம். பேரே கேள்விப்படலைன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. 1923ல கோபன்ஹேகன்ல கண்டுபிடிச்சது, அந்த ஊரோட லத்தீன் பேரு ஹாஃப்னியா, அதுதான் தனிமத்துக்கும் பேரு. அணு உலையில கட்டுப்பாட்டுத் தண்டு செய்வாங்க. கட்டிக்குள்ள வர்றதுக்குக் காரணம் அதோட அணு எண், 72. உடம்புல பெரும்பகுதி தண்ணி, தண்ணியில கனமான அணு ஆக்ஸிஜன், அதுக்கு 8. எக்ஸ் கதிர் போற வழியில கனமான அணு நின்னா அது கதிரை நிறையப் புடிச்சு, சுத்தி எலக்ட்ரானா சிதற விடும். அதே கதிர்வீச்சு, துகள் இருக்குற இடத்துல மட்டும் அடி கூட.

பாரிஸ் நிறுவனம் நானோபயோட்டிக்ஸ் பண்ணினது இது. 50 நானோமீட்டர் ஹாஃப்னியம் ஆக்ஸைடு, கட்டிக்குள்ளயே ஒரே ஒரு ஊசி, அப்புறம் வழக்கமான கதிர்வீச்சு, அப்புறம் ஆபரேஷன். கை கால்ல, உடம்புச் சுவர்ல வர்ற மென்திசு சார்கோமா (தசை, கொழுப்பு மாதிரி திசுவுல வர்ற புற்றுநோய்) நோயாளிகள் 180 பேரைச் சேத்து ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. வெட்டி எடுத்த கட்டியில உயிருள்ள புற்றுநோய் செல் 5 சதவீதத்துக்கும் கீழ இருந்தவங்க எத்தனை பேருன்னு எண்ணினாங்க. ஹாஃப்னியம் போட்டவங்கள்ல 87 பேர்ல 14. போடாதவங்கள்ல 89 பேர்ல 7. 16 சதவீதம், 8 சதவீதம். 2019ல முடிவு வந்துச்சு, ஐரோப்பியச் சான்றும் அதே வருஷம்.

"இரட்டிப்புப் பலன்"னு தலைப்புப் போடலாம், பொய்யில்லை. ஊசி போட்ட ஆறுல அஞ்சு பேருக்கு அந்தப் பலன் கிடைக்கலைன்னும் போடலாம், அதுவும் பொய்யில்லை. சித்தப்பாவுக்கு எந்தத் தலைப்பு வரும்னு உங்களுக்கே தெரியும்.

சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்தைத் தாங்க முடியாத வயசானவங்களுக்குத் தலை, கழுத்துப் புற்றுநோய்ல இதைப் பெரிய அளவுல இப்போ சோதிக்கிறாங்க. நம்ம ஊர்ல வாய்ப் புற்றுநோய் எவ்வளவுன்னு யோசிச்சா, நான் கண் வெச்சுக்கிட்டு இருக்குறது இதைத்தான்.

10 மார்ச், மதியம் 3.40

அடிக்கடி சுத்துற இன்னொரு எண்ணையும் பேசிடுவோம். 2004ல ஹெயின்ஃபெல்டு குழு எலிக்கு 1.9 நானோமீட்டர் தங்கத்தை நரம்புல போட்டு எக்ஸ் கதிர் அடிச்சாங்க. ஒரு வருஷம் தாண்டினது 86 சதவீதம், கதிர் மட்டும் வாங்கினதுல 20. பிரமாதம். ஆனா அது 250 கிலோவோல்ட் கதிர். ஆஸ்பத்திரியில ஆழக் கட்டிக்கு அடிக்கிற கதிர்வீச்சு இயந்திரம், லினாக், பல மில்லியன் வோல்ட். கனமான அணுவோட அனுகூலம் குறைஞ்ச ஆற்றல்லதான் அதிகம், மேல போகப் போக இளைச்சிடும். தவிர எலிக்கட்டி தோலுக்கு அடியில சுண்டைக்காய் அளவு இருக்கும். 86ஐ எடுத்து ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டக் கூடாது.

12 மார்ச், இரவு 10.00

நான் ஒரு தத்துவம் பேச ஆரம்பிச்சிருந்தேன், தூரம் போனதெல்லாம் கட்டியில நேரா ஊசி போட்டதுதான்னு. ஒருத்தர் தனிச்செய்தியில "ஹூஸ்டன் தங்க ஓடு?"ன்னு ஒரே வார்த்தையில கவுத்துட்டார்.

சரி. ஹூஸ்டன்ல இருக்குற ரைஸ் பல்கலைக்கழகத்துல நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்ட்டும் செஞ்சது. உள்ள சிலிக்கா உருண்டை, மேல 15 நானோமீட்டர் கனத்துல தங்க ஓடு, மொத்தம் 150. கடலை மிட்டாய் இல்லை, சீரக மிட்டாய். ஓட்டோட கனத்தை மாத்தினா அது எந்த ஒளியைக் குடிக்கும்னு மாத்தலாம். சாதாரணத் தங்க உருண்டை 520 பக்கம் பச்சையைக் குடிச்சு பீட்ரூட் சாறு மாதிரி சிவப்பாத் தெரியும். ஓடா பண்ணினா அகச்சிவப்புப் பக்கம் 800க்குத் தள்ளலாம். அந்த ஒளிக்குத்தான் தசையும் ரத்தமும் ஓரளவு வழி விடும்.

2019ல ப்ராஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 பேர், நியூயார்க். முதல் நாள் நரம்பு வழியா தங்க ஓடு ஏத்தினாங்க. ஆமா, நரம்பு வழியாத்தான். மறுநாள் கட்டி இருக்குற இடத்துல லேசர் இழையைச் சொருகி 810 நானோமீட்டர் ஒளி. 15 பேருக்குத் திட்டமிட்டபடி நடந்துச்சு. சுரப்பி முழுசையும் எடுக்காம அந்த இடத்தை மட்டும் சுட்டு எரிக்கறதுதான் நோக்கம்.

என் தத்துவத்தை ஒட்டுப்போட்டுக் காப்பாத்திக்கிறேன். இங்க ஊசி கட்டியில இறங்கலை, ஆனா லேசர் இழை இறங்குது. ஈரலுக்குப் போன தங்கம் இருட்டுல சும்மா கிடக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கறது துகள் இல்லை, டாக்டரோட கை.

பரவின நோய்க்கு இதனாலதான் இவை எதுவும் ஆகாது. எங்கெல்லாம் போயிருக்குன்னு தெரியாத இடத்துல எங்க சொருகறது? அத்தைக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ குடுக்கறதே அப்படிக் கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது ஒளிஞ்சிருந்தா புடிக்கத்தான்.

14 மார்ச், காலை 7.15

தங்க பஸ்பம் பத்திக் கேப்பீங்கன்னு எதிர்பார்த்தேன், கேட்டுட்டீங்க. வறட்டியில புடம் போட்டு எடுத்த பஸ்பத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில பாத்தவங்க அதுல சில பத்து நானோமீட்டர் துகள் இருக்குன்னு எழுதியிருக்காங்க. நம்ப முடியுது. அதுலேர்ந்து "சித்தர்கள் நானோ மருத்துவம் பண்ணினாங்க, புற்றுநோயும் குணமாகும்"னு தாவறதுதான் ஆகாது. அளவு நானோவா இருக்கறது ஒரு குணம், மருந்தா இருக்கறது வேற. வாகனப் புகையிலகூட நானோ துகள் இருக்கு.

இதுக்கு என்கிட்ட வேற கதை ஒண்ணு இருக்கு. ராபர்ட் காக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சவர். 1890ல பெர்லின் மாநாட்டுல சொன்னார், தங்க சயனைடு மிகமிகக் குறைஞ்ச அளவுலயே கிருமி வளர்றதைத் தடுக்குதுன்னு. தட்டுல. விலங்குக்குக் குடுத்தப்போ அவருக்கே பலன் வரலை. ஆனா அந்தத் தங்கம் டாக்டர்களை விடலை. 1920கள்ல டென்மார்க்லேர்ந்து ஒரு தங்க உப்பு மருந்து கிளம்பி உலகம் பூரா ஊசியா போட்டாங்க. கடைசியில டெட்ராய்ட் பக்கத்துல ஒரு சானடோரியத்துல (காசநோய் ஆஸ்பத்திரி) ஆம்பர்சனும் கூட்டாளிகளும் 24 நோயாளிகளை 12, 12ஆப் பிரிச்சாங்க. எந்தக் குழுவுக்குத் தங்கம்னு காசு சுண்டித் தீர்மானிச்சாங்க. மத்தவங்களுக்கு வெறும் உப்புத் தண்ணி, நோயாளிக்கு எது தனக்குன்னு தெரியாது. 1931ல முடிவு வந்துச்சு: தங்கத்தால நன்மை இல்லை, பக்கவிளைவு மட்டும்தான். தட்டுலேர்ந்து அந்தக் காசு சுண்டல் வரைக்கும் 41 வருஷம்.

டெட்ராய்ட்னதும் ஞாபகம் வருது. நாங்கெல்லாம் தட்டுல கொன்னு தள்ளுற மார்பகப் புற்றுநோய் செல், எம்.சி.எஃப்-7, அதுவும் அந்த ஊர்தான். மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன், ஏழாவது முயற்சி, அதான் பேரு. 1970ல ஒரு வயசான கன்னியாஸ்திரியோட நெஞ்சுல கோத்த நீர்லேர்ந்து எடுத்தது. அரை நூற்றாண்டா அந்தச் செல்லை உலகம் பூரா வேப்பிலை, துளசின்னு போட்டுக் கொன்னுக்கிட்டே இருக்கோம், அதுவும் வளர்ந்துக்கிட்டே இருக்கு.

17 மார்ச், இரவு 11.50

காவிரிக்கரை அந்த பாட்டிலோட துண்டுப்பிரசுரத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அதுல ஆய்வுக் கட்டுரைன்னு ஒண்ணைக் காட்டியிருக்காங்க. தேடி எடுத்துப் படிச்சேன். மேற்கோள் பட்டியல்ல 23ஆவது என் கட்டுரை.

இன்னைக்கு இதுக்கு மேல எழுத ஓடலை.

20 மார்ச், இரவு 10.30

சொல்லித்தான் ஆகணும்.

செல் உயிரோட இருக்கான்னு பாக்க எம்.டி.டி.ன்னு ஒரு மஞ்சள் சாயம் ஊத்துவோம். உயிருள்ள செல் அதை ஊதாவா மாத்தும். 570 நானோமீட்டர் ஒளியில ரீடிங் எடுத்தா ஊதா அதிகம்னா உயிர் அதிகம். எளிமையான சோதனை, ஒரு மத்தியானத்துல முடியும், அதான் எல்லாரும் பண்றோம். ஆனா துகளே அந்த ஒளியை மறைக்கும். துகளைச் சுத்தி ஒட்டியிருக்குற இலைச் சரக்கு, செல் இல்லாமலே சாயத்தை ஊதாவாக்கும். சில துகள் ஊதாவைத் தன்மேல ஒட்டவெச்சுக்கும். அதனால செல் இல்லாம, துகளும் சாயமும் மட்டும் போட்ட குழி சிலது வெக்கணும். நான் வெக்கலை. தட்டுல இடம் பத்தலை, சாயம் விலை ஜாஸ்தி, கைடு கேக்கலை.

அதுகூடப் பரவாயில்லை. ஆய்வேடு குடுத்தப்புறம் மிச்சத் துகளை மையச்சுழலில போட்டுச் சுத்தி, அடியில படிஞ்ச துகளை விட்டுட்டு மேல தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடுத்து செல் மேல ஊத்திப் பாத்தேன். சும்மா ஒரு ஆர்வத்துல. அதுவும் கொன்னுச்சு, பெரிய வித்தியாசம் இல்லாம. அதாவது கொன்னதுல பெரும்பங்கு கரைஞ்சு கிடந்த வெள்ளி அயனியோடது. சில்வர் நைட்ரேட்டை நேரா ஊத்தியிருந்தா அதே வேலை நடந்திருக்கும். எலியோட நார்செல்லும், புற்றுநோய் இல்லாதது, கிட்டத்தட்ட அதே அளவுல செத்துச்சு. கைடுகிட்ட காட்டினேன். "வைவால யாரும் கேக்க மாட்டாங்கம்மா"ன்னார். கேக்கலை.

அவர் கெட்டவர் இல்லை. வருஷத்துக்கு ஆறு பேரை முடிச்சு அனுப்பணும், லேப்ல செல் வளக்குற இன்குபேட்டர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கரண்ட் போனா நிக்கும். ஆனா முடிவுரையில "புற்றுநோய் செல்லை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்கிறது"ன்னு எழுதினது என் கை.

21 மார்ச், காலை 6.40

"ஒரு எம்.ஃபில் கட்டுரையால என்ன ஆயிடப் போகுது"ன்னு ஆறுதல் சொன்னவங்களுக்கு நன்றி. 1,800 ரூபாய் பாட்டில் ஆயிருக்கு.

22 ஜூன், இரவு 9.00

இழையை மேல கொண்டுவந்ததுக்குக் காவிரிக்கரைக்கு நன்றி. அத்தைக்கு நாலு சுற்று சிவப்பு மருந்து முடிஞ்சு, அடுத்து பேக்லிடாக்சல்ங்கற கீமோ மருந்து ஏத்தினப்போ மூச்சுத் திணறி உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சாம். டாக்டர் வேற ஒண்ணுக்கு மாத்தியிருக்கார், சீட்டுல "நானோ"ன்னு போட்டிருக்காம். "அக்கா, நீங்க வேண்டாம்னு சொன்ன நானோவை ஆஸ்பத்திரியிலயே ஏத்துறாங்களே"ன்னு கேக்குறீங்க. சிரிச்சுட்டேன், மன்னிக்கணும்.

அது உலோகம் இல்லை. பேக்லிடாக்சல் தண்ணியில கரையாது. பழைய முறையில ஆமணக்கெண்ணெயிலேர்ந்து செஞ்ச ஒரு கரைப்பான்ல கரைச்சு ஏத்துவாங்க, ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். புதுசுல மருந்தை அல்புமின் புரதத்தோட சேத்து 130 நானோமீட்டர் துகளா பண்ணியிருக்காங்க. அல்புமின் நம்ம ரத்தத்துலயே ஓடுற புரதம். அமெரிக்காவுல 2005ல, பரவின மார்பகப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் வந்துச்சு. அதோட பெரிய லாபம் ஏவுகணை மாதிரி கட்டியைத் தேடிப் போறது இல்லை, அந்த எண்ணெய்ச் சமாச்சாரம் வேண்டாம்கறதுதான். கை கால் மரத்துப் போறது இதுலயும் வரும், அதிகமாச்சுன்னா அடுத்த தடவை வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க.

பாட்டில் என்னாச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே?

23 ஜூன், காலை 8.10

சித்தப்பாவே குடிக்கிறாரா! சுகருக்கா! நகம், ஈறு, கண்ணு வெள்ளை நீலமாகுதான்னு பாருங்க. முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. அத்தை சொன்னாக் கேப்பார்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க.

11 ஆகஸ்ட், இரவு 10.20

கட்டுரை வெளியான இதழுக்கு மார்ச்லயே எழுதியிருந்தேன். முதல் மின்னஞ்சல் அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு திரும்பி வந்துச்சு. ரெண்டாவதுக்கு இன்னைக்குத்தான் பதில். திருத்தம் போடத் தனிக் கட்டணமாம், கட்டுரை போட்டப்போ வாங்கினதுல பாதி. கட்டினா "48 மணி நேரத்தில் நிபுணர் பரிசீலனை"யும் உண்டாம்.

கட்டப் போறதில்லை. இங்கேயே போட்டுடறேன், தேடுறவங்க கண்ணுல பட்டா படட்டும்.

அட்டவணை 4: செல் இல்லாத குழிகளின் அளவீடு எடுக்கப்படவில்லை, எனவே கழிக்கப்படவும் இல்லை. சில்வர் நைட்ரேட்டைத் தனியாகச் சோதிக்கவில்லை. துகள் நீக்கிய தெளிநீரும் செல்களைக் கொன்றது. கட்டுரையில் அது இல்லை. எலியின் நார்செல்களும் ஏறக்குறைய அதே அளவில் இறந்தன, அதுவும் இல்லை. முடிவுரை, இரண்டாம் பத்தி, முதல் வரியில் "மட்டும் தேர்ந்தெடுத்து" என்ற சொற்களை அடித்துவிட்டுப் படிக்கவும்.